ஏன் நேற்று வரவில்லை? காவிரிப் படுகையின் சேரிப் பள்ளிகளும் பிள்ளை நலனும்

"ஏன்டா நேத்து வரல?" தொடக்கப் பள்ளியில் காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்ததும் ஆசிரியர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பதில் வருவதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். தோழர்களே, நாம் இந்தக் கேள்வியிலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. தஞ்சை வயல்வெளியில் ஒரு சேரிப் பிள்ளையிடம் இதைக் கேட்டால் வந்த பதில் காய்ச்சல், வயிற்றுவலி மட்டுமல்ல. பண்ணை மாட்டை ஓட்டிக்கொண்டு போனேன், அம்மா நடவுக்குப் போனதால் தம்பியைப் பார்த்துக்கொண்டேன், உடுத்த துணி இல்லை, வாத்தியார் வேறு இடத்தில் உட்காரச் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் நிலம் இருக்கிறது, கூலி இருக்கிறது, சாதி இருக்கிறது. 'மாணவர் நலன்' என்று இன்று சுற்றறிக்கைகளில் எழுதுகிறார்களே, அதன் வரலாறு எங்கள் ஊர்ப்பக்கம் இந்தப் பதில்களிலிருந்துதான் தொடங்குகிறது.

திருப்பனந்தாள் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது காசி மடமும், செஞ்சடையப்பர் கோயிலும், சாய்ந்த லிங்கத்தைத் தன் கழுத்தில் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்திய குங்கிலியக் கலயர் கதையும். மடம் தமிழுக்குக் கொடுத்த கொடைகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நாம் பேச வந்தது கோயில் வீதிகளுக்கு வெளியே, வாய்க்கால் கரையைத் தாண்டி, வயலுக்கு நடுவே மேடாக நிற்கும் தெருக்களைப் பற்றி. வடக்கே கொள்ளிடம். 1836இல் ஆர்தர் காட்டன் அதன் குறுக்கே கீழணையைக் கட்டினார். அந்தத் தண்ணீர் யாருடைய வயலுக்கு வளம் சேர்த்தது, யாருடைய முதுகில் அந்த வளம் ஏறி நின்றது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

பண்ணையாள் முறையில் வேலைக்கு எடுக்கப்பட்டது ஒரு ஆள் அல்ல, ஒரு குடும்பம். அப்பன் ஏர் ஓட்டுவான், அம்மா நாற்று நடுவாள், கொட்டிலைக் கூட்டுவாள், ஆறேழு வயதுப் பையன் மாடு மேய்ப்பான். மாட்டுக்காரப் பையனுக்குக் கிடைத்தது பழைய சோறும் எப்போதாவது ஒரு துண்டுத் துணியும். குடிசை நின்ற மனைக்கட்டும் மிராசுதாருடையது. இதுதான் முக்கியம். பையனைப் பள்ளிக்கு அனுப்பினால் மாடு மேய்க்க ஆள் இல்லை. மாடு மேய்க்க ஆள் அனுப்பாத குடும்பத்துக்கு மனையில் இடமில்லை. பிள்ளையின் கையில் பலகை இருக்குமா, மாட்டுக்கோல் இருக்குமா என்பதைத் தீர்மானித்தது பெற்றோரின் 'அறியாமை' என்று எழுதுகிறவர்கள் இந்த மனைக்கட்டு விஷயத்தைச் சௌகரியமாக விட்டுவிடுவார்கள்.

நந்தனார் கதையை நினைத்துப் பாருங்கள். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நந்தனாருக்கு வேதியர் ஆண்டை கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரத்தில்தான் அந்த ஆண்டை வருகிறார், சிதம்பரம் போக உத்தரவு கொடுக்க மறுக்கிறார், பயிர் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார். பாரதியார் தஞ்சைச் சீமைக்காரர். தன்னைச் சுற்றிப் பார்த்ததைத்தான் கதைக்குள் வைத்தார் என்று நாம் நினைக்கிறோம். 'நாளைப் போவார்' என்று நந்தனாருக்குப் பெயர். பள்ளிக்கு 'நாளைக்குப் போறேன்' என்று சொல்லிச் சொல்லியே எத்தனை தலைமுறை வயலில் முடிந்தது!

பள்ளி என்ற ஒன்று சேரிக்கு வந்த கதைக்கு வருவோம். இந்தப் பகுதியில் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவருடைய கூட்டாளிகளும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் கொடுத்துப் பள்ளி நடத்தினார்கள். ஆனால் அதே மிஷனின் தேவாலயத்தில் பறையர் கிறித்தவர்களும் வேளாளக் கிறித்தவர்களும் தனித்தனியே உட்கார்ந்தார்கள். போதகரைத் தமிழ்க் கிறித்தவர்கள் 'மேய்ப்பர்' என்பார்கள். மேய்ப்பர் இருந்தார், மந்தையில்தான் இரண்டு வரிசை.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் சொல்கிற அறிக்கை. நிலத்தோடு கல்வியும் பேசப்பட்டது; 1893இல் பஞ்சமர் பள்ளிகளுக்குச் சிறப்பு மானியம் தரும் அரசாணை வந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாறு அருகே பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் போன்றோர் அவரோடு பேசிய பேச்சுகளும் கொடுத்த அழுத்தமும் இதன் பின்னால் உண்டு. கொடை என்று மட்டும் இதை வாசிக்கக் கூடாது. கேட்டு வாங்கியது.

இப்படிப்பட்ட பள்ளிகளில் ஆசிரியரின் வேலை எழுத்து சொல்லித் தருவதோடு முடியவில்லை. காலையில் தெருவுக்குள் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வர வேண்டும். சிரங்குக்கு மருந்து போட வேண்டும். பேன் பார்க்க வேண்டும். பசியில் தூங்கி விழும் பிள்ளையை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் பள்ளி காலியாகும். அப்போது பண்ணைக்காரர் வீட்டு வாசல்வரை போய்ப் பேச வேண்டும். மாணவர் நலன் என்று தனியாக ஒரு துறையோ அலுவலரோ இல்லாத காலத்தில் அந்த வேலை முழுவதும் ஒரே ஆளின் தலையில் இருந்தது. சம்பளமோ மிகச் சொற்பம்.

அந்த வேலைகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம். குளிப்பாட்டுதல். பிள்ளையைக் கிணற்றடியில் நிறுத்தித் தேய்த்துக் குளிப்பாட்டி, தலை வாரி விடுவது அன்பான காரியம்தான். ஆனால் 1909இல் அன்னி பெசன்ட் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் அழுக்காக இருக்கிறார்கள், அவர்களுடைய உணவும் பழக்கமும் வேறு, முதலில் அவர்களைத் தனிப் பள்ளிகளில் வைத்துச் சுத்தமும் ஒழுங்கும் கற்பிக்க வேண்டும், அதற்கு முன் மற்றப் பிள்ளைகளோடு கலந்து உட்கார வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆல்காட் நடத்திய அதே தியசாபிகல் சொசைட்டிக்கு அப்போது பெசன்ட்தான் தலைவர்! இந்தக் கட்டுரையை அம்பேத்கர் மறக்கவில்லை. 1945இல் வெளிவந்த, காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதோருக்குச் செய்தது என்ன என்று கேட்கும் தன் நூலில் அதை நீளமாக எடுத்துப் போட்டார்.

ஒரே சோப்பு, ஒரே வாளித் தண்ணீர். ஒரு வாத்தியார் கையில் அது பிள்ளையைப் பள்ளிக்குள் கொண்டுவருகிறது. பெசன்ட் அம்மையாரின் கட்டுரையில் அது பிள்ளையை வாசலில் நிறுத்துகிறது. சேற்றில் நடவு நடுகிறவளின் பிள்ளைக்குக் குளிக்கக் கிணறு இல்லாமல் செய்தவர்கள் யார் என்ற கேள்வியைக் கேட்காத அக்கறை இப்படித்தான் வேலிக் கதவாக மாறும். இன்றும் 'நம்ம பிள்ளைங்க' என்று சொல்லிக்கொண்டே முகம் சுளிக்கிற ஆசிரியர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பள்ளி இருந்த இடமும் ஒரு தடைதான். அரசுப் பணத்தில் நடந்த பள்ளிகள் பல அக்கிரகாரத்திலும், கோயில் சார்ந்த கட்டடங்களிலும், சாதி இந்துக்களின் வாடகை வீடுகளிலும் இயங்கின. அந்தத் தெருவில் சேரிப் பிள்ளை நடக்கவே முடியாது. பிறகு எப்படிப் பள்ளிக்குப் போவது? பொதுப் பள்ளிகளில் பஞ்சமர் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், இடம் தடையாக இருந்தால் பள்ளியை மாற்ற வேண்டும் என்று 1919இல் சென்னை அரசு உத்தரவு போட்டது. உத்தரவு காகிதத்தில் நன்றாகவே இருந்தது.

அதை ஒட்டிய ஆண்டுகளில் உருவான தொழிலாளர் துறையின் வேலைகளைத்தான் நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்தத் துறை செய்தவை: குடியிருப்பு மனை வாங்கித் தருவது, கிணறு வெட்டுவது, கூட்டுறவுச் சங்கம் அமைப்பது, பள்ளி தொடங்குவது, உதவித்தொகையும் விடுதியும் கொடுப்பது. தஞ்சை மாவட்டத்தில் மனைக்கட்டு வேலை மும்முரமாக நடந்தது. சங்கம் வழியாகக் கடன் கொடுத்து, மிராசுதாரின் மனையைக் கையகப்படுத்தி, குடியிருப்பவர் தவணையில் கட்டித் தீர்க்கும் ஏற்பாடு. மிராசுதார்கள் இதை எவ்வளவு வெறுத்தார்கள் என்பது அக்காலத்துச் சட்டசபை விவாதங்களிலும் வருவாய்த் துறைக் கோப்புகளிலும் தெரிகிறது.

மனையும் கிணறும் பள்ளியும் ஒரே துறையின் கையில் இருந்தது தற்செயல் அல்ல. மிராசுதார் வீட்டை இடிக்க முடியும் என்கிற வரை பிள்ளை பள்ளிக்கு வர முடியாது. கிணறு இல்லாத வரை பிள்ளை குளித்துவிட்டு வர முடியாது. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு நம் மேல் பாசம் பொங்கியதால் இது நடந்ததாகச் சொல்ல மாட்டோம். ஆனாலும் 'ஏன் நேற்று வரவில்லை' என்ற கேள்விக்கு வீடு வரைக்கும் போய்ப் பதில் தேடிய நிர்வாக ஏற்பாடு அது ஒன்றுதான். பிறகு அந்தத் துறை அரிசன நலத் துறை ஆனது, இன்று ஆதிதிராவிடர் நலத் துறை. பெயரில் 'நலம்' ஏறியது. மனை ஒரு மேசைக்கும் பள்ளி இன்னொரு மேசைக்கும் பிரிந்து போயின.

நம்மவர்களே நடத்திய பள்ளிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. திருப்பனந்தாளிலிருந்து அணைக்கரைப் பாலம் தாண்டிப் போனால் சிதம்பரம். அங்கே 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்தவர். கோயிலுக்குள் விடாத ஊரில், அந்தக் கோயிலுக்குள் நெருப்பில் புகுந்ததாகச் சொல்லப்படும் நந்தனாரின் பெயரிலேயே பள்ளி. பள்ளியோடு விடுதி, சோறு, குளிக்க நீர், வழிபட இடம். வெளியூர்ப் பண்ணைகளிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே தங்கினார்கள். விடுதி என்பது வெறும் தங்குமிடம் அல்ல, அது பிள்ளையை மாட்டுக்கொட்டிலிலிருந்து தூரமாக வைத்த சுவர். சகஜானந்தருடைய ஆன்மிகத்தோடும், பின்னாளில் அவர் எடுத்த சில அரசியல் நிலைகளோடும் நமக்கு வேறுபாடு உண்டு. ஆனால் 1959இல் அவர் இறக்கும்வரை அந்தப் பள்ளி அவருடைய வாழ்க்கையாக இருந்தது. தென்னார்க்காடு, தஞ்சை தலித் குடும்பங்களில் முதல் தலைமுறைப் படிப்பாளிகள் பலர் அதன் வழியாகவே வந்தார்கள்.

சென்னையில் அருந்ததியர் தலைவர் எல்.சி.குருசாமி இரவுப் பள்ளிகள் நடத்தினார். பகலில் வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இரவில்தான் பள்ளி. ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கிய எம்.சி.ராஜா, ஆர்.ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து 1930இல் 'கிண்டர்கார்டன் ரூம்' என்ற குழந்தைப் பாடல் நூலை வெளியிட்டார். சட்டசபையில் முழங்கியவர், வட்டமேசை அரசியல் பேசியவர் என்று மட்டும் அவரை அறிந்த தோழர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளை பள்ளியில் சிரிக்க வேண்டும் என்று நினைத்த தலித் தலைவர் ஒருவர் நமக்கு இருந்தார் என்பதை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை.

சோற்றின் கதை உங்களுக்குத் தெரிந்தது, வேகமாகப் போவோம். 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது என்று தீர்மானம். 1956இல் காமராசர் ஆட்சியின் திட்டம் தொடக்கத்தில் ஊரார் நன்கொடையைப் பெரிதும் நம்பி நடந்தது. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022 செப்டம்பரில் காலை உணவு. 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் அதை விரிவாக்கும் விழா நம் டெல்டாவின் திருக்குவளையில் நடந்தது. நடவுக் காலத்தில் விடியும் முன்னே வயலுக்குப் போகிற அம்மாவின் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் சூடான உப்புமாவின் அருமை, அதைக் கிண்டல் செய்து எழுதுகிறவர்களுக்குப் புரியாது. அடுப்பு எரியும் இடத்தில் சாதியும் எரிகிறது என்பதும் உண்மை. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே தலித் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அந்த அம்மா தன் வேலையை மீட்டார், வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. பிள்ளையின் தட்டைக் காப்பாற்றப் போராடுகிறோம். தட்டில் போடுகிறவரின் கையையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

மாட்டுக்கோலைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கியது எது? பள்ளி மட்டும் அல்ல. 1943க்குப் பிறகு பி.சீனிவாசராவும் தோழர்களும் கீழத்தஞ்சையில் கட்டிய சங்கம், சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிரான போராட்டம், 1952இன் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். கூலி உயரும்போதுதான் பையனின் மாட்டுச் சம்பளம் இல்லாமலும் அடுப்பு எரியும். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். எரிந்தவர்களில் கைக்குழந்தைகளும் பள்ளிக்குப் போக வேண்டிய வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை நாம் வருடந்தோறும் சொல்ல வேண்டும். 1971இல் குடியிருப்பு மனை உரிமைச் சட்டம் வந்தது. ஐம்பதாண்டுகளுக்கு முன் தொழிலாளர் துறை தவணையில் செய்ய முயன்றது அப்போதுதான் சட்ட உரிமையானது. நம் அப்பாக்கள், சித்தப்பாக்கள் பள்ளி முடித்த ஆண்டுகளை விசாரித்துப் பாருங்கள். 1971க்குப் பிறகு எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

2004 ஜூலை 16. கும்பகோணம். திருப்பனந்தாளிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஸ்ரீ கிருஷ்ணா உதவிபெறும் பள்ளி இருந்த கட்டடத்தில், மதிய உணவு சமைத்த அடுப்பின் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். மேல்தளத்தில் கீற்றுக் கூரை, கீழிறங்கக் குறுகலான ஒரு படிக்கட்டு. ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள். பத்தாண்டு கழித்து 2014 ஜூலை 30இல் தஞ்சை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது; பத்துப் பேர் குற்றவாளிகள், பதினொரு பேர் விடுதலை. அதற்குப் பின் பள்ளிகளில் கீற்றுக் கூரை போனது, சமையலறை தனியானது. உணவு இருந்தது, சேர்க்கை இருந்தது, மானியம் இருந்தது, ஆய்வு செய்ய அதிகாரிகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் எந்த அறையில், எந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியவர் மட்டும் இல்லை. செத்தவர்கள் ஏழைப் பிள்ளைகள்.

இப்போது நடக்கும் விவாதத்துக்கு வருவோம். 2023 வரவுசெலவுத் திட்டத்தில், ஆதிதிராவிடர் நலத் துறை நடத்தும் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் உட்பட வெவ்வேறு துறைகளின் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப் போவதாக அரசு அறிவித்தது. தலித் அமைப்புகள் எதிர்த்தன. அந்த ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயரில் சாதி அடையாளம் கூடாது, எல்லாப் பள்ளிகளும் ஒரே துறையின் கீழ் வர வேண்டும் என்றது.

நமக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருக்கிறது, இருக்கட்டும். பெயர்ப்பலகையைப் பார்த்தே பிள்ளையின் சாதியை ஊர் கண்டுபிடிக்கிற நிலை ஒழிய வேண்டும் என்கிற தோழர்கள் சொல்வது நியாயம். பெயரை எடுத்துவிட்டு நிலத்தையும் நிதியையும் பணியிடத்தையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் சொல்வதும் அனுபவத்திலிருந்து வருவது. நாம் இரு தரப்பையும் கேட்பது வேறு: பலகையில் இருந்த 'நலம்' எந்த வேலையைக் குறித்ததோ, அந்த வேலையை இனி யார் செய்வார்?

சந்துரு குழு இதற்கும் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. ஐந்நூறு மாணவருக்கு மேல் உள்ள மேல்நிலை அளவிலான பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்பது அது. நல்ல பரிந்துரை. ஆனால் சேரியை ஒட்டிய ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும்தான் இருப்பார்கள். அதில் ஒருவர் தலைமையாசிரியர். பயிற்சி, கணக்கெடுப்பு, செயலியில் பதிவு என்று பாதி நாள் போய்விடும். சாதியைப் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது ஒன்பதாம் வகுப்பில் அல்ல, ஒன்றாம் வகுப்பில், யார் தண்ணீர் எடுத்து வர வேண்டும் என்று சொல்லப்படும்போது. 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஒன்றியப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்த வழக்கில் தலைமையாசிரியர் கைதானார். அது வெளியே வந்தது, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, அம்மா ஏன் என்று விசாரித்ததால்.

கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. திருப்பனந்தாள் ஒன்றியமானாலும் வேறெந்த ஒன்றியமானாலும் அந்தக் குழுவில் நம் அம்மாக்கள் பெயரளவில் இருக்கிறார்கள். கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடப்படுகிறார்கள். கல்லூரி விடுமுறையில் ஊருக்கு வரும் தோழர்கள் அடுத்த கூட்டத்துக்கு அவர்களோடு போங்கள். மூன்று விஷயங்களைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். கழிப்பறையைக் கழுவுவது யார், அவருக்கு எந்தக் கணக்கில் சம்பளம் தரப்படுகிறது. காலையிலும் மதியத்திலும் சமைக்கிறவர்கள் யார், பிள்ளைகள் எந்த வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். நடவு மாதத்தில் தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போய்ப் பார்த்தார்கள், போனவரிடம் அந்த வீட்டில் என்ன பதில் சொன்னார்கள்.